கொழும்பில் பிறந்தவரின் "பில்லியன் டொலர் பிழை"

பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று நின்றுபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குரிய காரணங்களில் ஒன்றின் வரலாறு நமது கொழும்பில் பிறந்த ஒருவரோடு சம்பந்தப்பட்டது.

டோனி ஹோர் 1934இல் கொழும்பில் பிறந்தார். 1965இல் அல்கோல் டபிள்யூ என்ற கணினி மொழிக்காக வேலை செய்தபோது, "இங்கே ஒன்றும் இல்லை" என்பதைக் குறிக்க 'நல்' என்பதைச் சேர்த்தார். செய்வதற்கு இலகுவாக இருந்ததே காரணம். ஆனால் இல்லாத பொருளிடம் வேலை சொன்னால் புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். 2009இல் லண்டன் மாநாடொன்றில் இதைத் தனது "பில்லியன் டொலர் பிழை" என்று அவரே சொன்னார்.

2005இல் வந்த யுனிட்டி கேம் எஞ்சினில் இந்தச் சிக்கல் இன்னும் கூடியது. கேம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளை 'சிங்கிள்டன்' என்பார்கள். எஞ்சின் அதை அழித்த பிறகும் அதன் வெறுங்கூடு நினைவகத்தில் மிஞ்சலாம். இரட்டைச் சமக்குறி போட்டு 'நல்'லோடு ஒப்பிட்டால் "இல்லை" என்று பதில் வரும். சீ ஷார்ப் மொழியின் கேள்விக்குறிப் புள்ளியால் பார்த்தால் "இருக்கிறது" என்று வரும்!

புரோகிராமின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பதுதான் யுனிட் டெஸ்ட். முதல் சோதனையில் மிஞ்சிய கூடு அடுத்த சோதனையையும் கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் சிங்கிள்டனைத் துடைத்துவிட வேண்டும். அது இல்லாத நிலையையும் சோதிக்க வேண்டும்.

ஹோர் 1980இல் டூரிங் விருது பெற்ற மேதை. அப்படிப்பட்டவரே சபையில் தன் பிழையை ஒப்புக்கொண்டார். கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுப்போம்.