எந்தத் தெரு?

எங்க ஊர் கிளை நூலகம் பெருமாள் கோயில் தெருவில் இருந்தது. ஓட்டுக் கட்டடம். திண்ணையில் ஒரு பெஞ்சு, அதில் தினத்தாள். 1974இல் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். உறுப்பினராகச் சேரணும்னு அப்பாவிடம் டெபாசிட் காசு வாங்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பேர் கேட்கவில்லை. "எந்தத் தெருடா நீ?" என்றார். சொன்னேன். வீட்டு வரி கட்டுகிறவர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடணும் என்றார். காலனியில் அன்றைக்கு ஒருத்தர் வீட்டுக்கும் பட்டா கிடையாது, வரி ரசீதுக்கு எங்கே போவது? ஊர்த்தெருவில் அப்பா மூணு வீட்டு வாசலில் நின்றார். யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருஷம் திண்ணைக்குக் கீழே நின்று, பெஞ்சில் இருந்தவர் விரித்துப் பிடித்த பேப்பரின் பின்பக்கத்தைப் படித்தேன். அந்த வருஷத்துக் கிரிக்கெட் செய்தியெல்லாம் எனக்கு அத்துப்படி. நாட்டில் என்ன நடந்ததுன்னு கேட்டால்தான் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்க அது வழி செய்தது. பின்னாளில் எங்களுக்கும் ரசீது வந்தது, நூலக வரியும் வந்தது. காசு காலனியிலிருந்தும் போனது. கட்டடம் கோயில் தெருவிலேயே இருந்தது.

வேலை கிடைத்து ஊர் ஊராகப் போக ஆரம்பித்த பிறகு, எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் அந்த ஊர் நூலகத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பெருக்குகிறார்கள் என்று பார்ப்பேன். சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்குள் முதல் தடவை நுழைந்தபோது யாரும் தெருவைக் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே அன்றைக்கு ஒரு புத்தகமும் படிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். வேறொரு பெரிய நூலகத்தில், பேர் வேண்டாம், 1980களில் அயோத்திதாசர் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "சித்த வைத்தியப் புத்தகமா?" என்றார்கள். அவர் வைத்தியரும்தானே, தப்பென்று சொல்ல முடியாது. 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய 'தமிழன்' இதழின் எழுத்துக்கள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் நூலாக வந்த பிறகுதான் என் கைக்குக் கிடைத்தன. அதுவரை எனக்கு முன்னால் எங்களில் எழுதினவர் யாருமில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரோடா போனபோது மனசு கனத்தது. 1910இல் மன்னர் சாயாஜிராவ் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். நகரத்திலும் கிராமத்திலும் இலவச நூலகங்கள் வைக்கச் செய்தார். நூலக வரலாறு எழுதுகிற எல்லோரும் இதைப் பாராட்டுவார்கள், பாராட்டணும்தான். அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பிப் படிக்கவைத்ததும் அதே மன்னர். ஆனால் 1917இல் அம்பேத்கர் அங்கே வேலைக்கு வந்தபோது தங்க இடமில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலேறினார். நூலகம் தெருத்தெருவாகத் திறந்திருந்த நகரம் அது. நான் அந்தப் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், நூலகத்துக்கு மறுநாள்தான் போனேன்.

அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தபோது அலெக்சாண்ட்ரியா போனேன். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியாவில் இருக்கிறது. 1939 ஆகஸ்ட் 21ஆம் தேதி அங்கே நடந்ததை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளணும். குவீன் தெரு நூலகத்தில் கறுப்பர்களுக்கு இடமில்லை. சாமுவேல் டக்கர் என்ற 26 வயசுக் கறுப்பு வழக்கறிஞர் ஐந்து இளைஞர்களைத் தயார் செய்தார். அவர் தம்பியும் அதில் ஒருவர். ஒவ்வொருவராக உள்ளே போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படித்தார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தால் கும்பல் என்று சொல்வார்களே என்று டக்கர் யோசித்திருக்கணும். போலீஸ் வந்து பிடித்துப் போனது. ஒழுங்கீனமாக நடந்தார்களாம்! அந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை. 2019இல்தான் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. 80 வருஷம்.

அந்த நகரம் உடனே செய்த காரியம் நமக்கு நன்றாகத் தெரிந்த காரியம். சில தெரு தள்ளி, கறுப்பர்களுக்கென்று சின்னதாக ராபின்சன் நூலகம் ஒன்றை 1940இல் திறந்தது. டீக்கடையில் நமக்கு வேறே கிளாஸ் வைப்பார்களே, அதே புத்தி. அந்தக் கிளையின் அட்டை எனக்கு வேண்டாம் என்று டக்கர் எழுதியே கொடுத்துவிட்டார்.

அந்தக் கட்டடம் இன்று கறுப்பர் வரலாற்று அருங்காட்சியகம். அதற்குள் நின்றபோது எனக்கு எங்க காலனிப் படிப்பகம் நினைவுக்கு வந்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி, ஆளுக்கு ஒரு நாள் கூலி போட்டு நாங்களே கட்டியது. என் கையாலும் செங்கல் சுமந்தேன். அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்: "உங்களுக்குத்தான் அங்கே இருக்கே, இங்கே என்ன?" டக்கர் எங்க ஊருக்கு வந்திருந்தால் என்னைக் கோபித்திருப்பாரோ? நாங்கள் கட்டியது, அவர்கள் கொடுத்தது இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். முழுசாக மனசு ஒப்பவில்லை. படிப்பகத்தை மூடவும் மனசு வராது. நியூயார்க்கில் ஹார்லெம் 135ஆம் தெருக் கிளையைப் பார்த்த பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. ஆர்துரோ ஷோம்பர்க் தேடித் தேடிச் சேர்த்த கறுப்பர் நூல்களும் ஆவணங்களும் 1926இல் பத்தாயிரம் டாலருக்கு வாங்கப்பட்டு அங்கே வந்தன. இன்று ஷோம்பர்க் மையம் என்று உலகமே தேடி வருகிறது. தனியாகச் சேர்த்து வைத்தவர் இருந்ததால்தானே அது மிஞ்சியது?

குவீன் தெரு நூலகத்தில் கடைசி நாள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். தனி மேசையில்.

போன பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். கிளை நூலகத்துக்குப் புதுக் கட்டடம், தெரு அதேதான். வெள்ளிக்கிழமை, பூட்டியிருந்தது. வாசல்படியில் இரண்டு பெண் பிள்ளைகள் தேர்வாணையக் கைடை நடுவில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் என்று தெரியவில்லை. கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "தாத்தா, நாளைக்குத்தான் திறப்பாங்க" என்றாள் ஒருத்தி.