பொன்னோடையும் அளவுச் சங்கிலியும்

காணி எல்லைக்காக வழக்காடிய குடும்பங்களை நேயர்கள் அறிவீர்கள். வேலி ஒரு முழம் நகர்ந்தமைக்காக இரண்டு தலைமுறையினர் நீதிமன்றப் படியேறிய கதைகள் நம் ஊர்களிலே பல உண்டு. பனையும் தென்னையும் நிற்கும் காணிக்கே இத்தனை பகை மூளுமாயின், அடியிலே பொன் கிடக்கும் காணிக்கு எத்தனை பகை மூளும்? கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கோன் என்னும் குளிர்நாட்டிலே அத்தகைய நிலை ஒருமுறை தோன்றியது. அதனைத் தணிக்க உதவியவை ஒரு நில அளவையாளரின் சங்கிலியும் அவர் வரைந்த படமுமே.

1896 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கிளொண்டைக் ஆற்றின் கிளையோடை ஒன்றிற் பொன் காணப்பட்டது. கண்டவர்கள், ஸ்கூக்கம் ஜிம் என அழைக்கப்பட்ட பழங்குடி மகனாகிய கேய்ஷ், அவருடைய மருமகன் சார்லி, மைத்துனர் ஜோர்ஜ் கார்மக் ஆகியோர். இவர்களுள் முதலிற் கண்டவர் யார் என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எனினும், ‘கண்டுபிடித்தவர்’ என்னும் உரிமை வெள்ளையராகிய கார்மக்கின் பெயரிலேயே பதியப்பட்டது. முயலோடை என வழங்கிய அந்நீரோடை ‘பொனான்சா’ என்னும் புதுப்பெயர் பெற்றது.

அக்காலச் சட்டப்படி ஒருவர் எடுக்கக்கூடிய காணியின் நீளம் ஓடையின் போக்கிலே 500 அடி. முதலிற் கண்டுபிடித்தவருக்கு மட்டும் அதன் இருமடங்கு உரியது. காணியின் எல்லையிலே கட்டை நாட்டி, அதிற் பெயரை எழுதிப் பின்னர் அரசாங்கப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும். கண்டுபிடிப்புக் காணியை நடுவாகக் கொண்டு, ‘மேல் ஒன்று’, ‘மேல் இரண்டு’, ‘கீழ் ஒன்று’, ‘கீழ் இரண்டு’ என ஏனைய காணிகளுக்கு எண்ணிட்டனர். ஒருவருக்கு ஒரு பகுதியில் ஒரு காணியே உரியது.

விதி தெளிவானது, அளவோ தெளிவற்றது. வந்தவர்கள் அவசரத்திலே கயிற்றாலும் காலடியாலும் அளந்தனர். நனைந்த கயிறு ஓர் அளவு காட்டும். காய்ந்த கயிறு வேறோர் அளவு காட்டும். மேலும், சட்டம் கூறிய நீளம் பள்ளத்தாக்கின் பொதுப் போக்கிலே நேராக அளக்கப்பட வேண்டியது. பலரோ ஓடையின் வளைவு நெளிவைப் பின்பற்றியே நடந்தனர். ஆகவே, சில காணிகள் குறுகின, சில நீண்டன. எல்லைகளைப் பற்றி அயலவர் பிணங்கினர். கையில் துப்பாக்கியும் கண்ணெதிரே பொன்னும் உடைய மனிதர் பிணங்கினால் முடிவு என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

நல்வாய்ப்பாக, அப்பகுதியிலே வில்லியம் ஒகில்வி என்னும் அரசாங்க நில அளவையாளர் இருந்தார். அலாஸ்காவையும் கனடாவையும் பிரிக்கும் 141 ஆம் நெடுங்கோட்டை நிலத்திற் குறிக்கும் பணிக்காக வந்தவர் அவர். பொன்னகழ்வோர் வேண்டிக்கொண்டதன்பேரில், 1897 ஆம் ஆண்டின் கடுங்குளிரிலே பொனான்சாவையும் எல்டொராடோ ஓடையையும் அவர் அளக்கத் தொடங்கினார். பள்ளத்தாக்கின் நீளத்துக்கு அடிக்கோடு இழுத்து, அதனின்றும் ஒவ்வொரு காணியின் எல்லையையும் குறித்தார். அதுவரை ஒவ்வொருவர் மனத்திலும் வெவ்வேறாக இருந்த எல்லை, யாவருக்கும் பொதுவான ஒரே எல்லையாயிற்று.

அளவையின்போது 500 அடிக்கு மேற்பட்டுக் காணப்பட்ட மிகுதி நிலம் உரியவருக்குச் சேராது. வேறொருவர் அதனைத் தமதாக்கலாம். ‘மேல் இரண்டு’ காணியிலே அவ்வாறு 86 அடி மிகுந்தது. ஒகில்வியின் சங்கிலியாளாக வேலை செய்த டிக் லோ என்பவர், அதனை நீங்களே எடுத்துக்கொள்ளலாகாதா என்று அவரிடம் கேட்டார். தாம் அரசாங்க உத்தியோகத்தர், ஆதலால் எடுத்தல் தகாது என ஒகில்வி மறுத்தார். லோவும் தயங்கினார்; இச்சிறு துண்டை எடுத்தால் வேறு காணி பெறும் உரிமை போய்விடுமே! பெரிய துண்டொன்று கிடைக்குமோ என நோக்கினார், கிடைக்கவில்லை. ஈற்றில் இதனையே எடுத்து, 900 டொலருக்கு விற்க முயன்றார், வாங்குவார் இல்லை. வேறு வழியின்றித் தாமே தோண்டினார். முதற்குழியில் ஒன்றுமில்லை. இரண்டாங் குழியோ அவரைச் செல்வராக்கியது. அந்த 86 அடி நிலம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலர் பெறுமதியான பொன்னைத் தந்தது என்பர்.

லோவின் அதிர்ஷ்டத்தைப் பலரும் வியப்பர். வியக்கத்தக்கது ஒகில்வியின் மறுப்பே என்பது என் கருத்து. அளப்பவரே எடுப்பவருமானால் அவர் இழுக்கும் கோட்டை யார் நம்புவர்? அக்கோடுகளை ஊரார் ஏற்றமைக்குக் கருவியின் நுட்பம் மட்டும் காரணமன்று. அளந்தவர் கையிலே பொன் ஒட்டவில்லை என்பதும் காரணமாகும். அவர் 1898 இல் யூக்கோனின் ஆணையாளராக உயர்ந்தார்.

ஆயினும், அப்படத்திலே குறிக்கப்படாதோரும் இருந்தனர். ‘கிளொண்டைக்’ என்பது பழங்குடியினரின் ‘டிரொண்டெக்’ என்னும் சொல்லின் திரிபு. சல்மன் மீனைப் பிடிக்க ஆற்றிலே கட்டைகளை அறைதற்குரிய கல்லை அப்பெயர் சுட்டும். பொன் தேடியோர் கட்டை நாட்டுவதற்குப் பல காலம் முன்னரே அவ்வாற்றிலே கட்டை நாட்டி வாழ்ந்தவர்கள் அம்மக்கள். அவர்களுடைய கட்டைகளைப் பதிய எந்தப் பதிவேடும் இருக்கவில்லை. அவர்களின் மீன்பிடித் தலம் வந்தேறியோரால் நிறைய, தலைவர் ஐசக் 1897 இல் மக்களை ஆற்றின் கீழ்ப்புறமுள்ள மூஸ்ஹைட் என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்தம் வழித்தோன்றல்கள் கனடா அரசுடன் நில உரிமை உடன்படிக்கை செய்தது 1998 இலேதான். 2023 இல் டிரொண்டெக்-கிளொண்டைக் பகுதி உலக மரபுரிமைத் தலமாயிற்று.

இன்று கனிப்பொருட் காணிகளின் படங்களை வரைவோர்க்குச் செய்மதியும் கணினியும் துணைசெய்கின்றன. காணியின் எண், உரியவர் பெயர், பதிந்த நாள், அளவுத்திட்டம், வடதிசை யாவும் அவற்றிலே செவ்வையாக அமைகின்றன. எனினும், அத்தகைய படம் ஒன்றைக் காணும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. கோட்டை இழுத்தவருக்கு அந்நிலத்திலே பங்கு உண்டா? கோட்டுக்குள் ஏற்கெனவே வாழ்ந்தவர் யார்? முதற்கேள்விக்கு ஒகில்வி நல்ல விடை தந்தார். இரண்டாவதற்கு விடை வர நூறாண்டு சென்றது.