வீட்டுமொழியும் ஊடகமும்: திருக்கோணமலைப் பறங்கியர் வரலாறு தரும் பாடம்

பிறநாட்டு வழியினரின் பிள்ளைகள் முன்னோர் மொழியைப் பேணுதற்கு வீடு மட்டும் போதுமா என்பது சமூக வரலாற்றில் அடிக்கடி எழும் வினாவாகும். 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மேற்கு ஜெர்மனிக்குத் தொழில் நாடிச் சென்ற துருக்கியருக்கெனக் கொலோன் நகர வானொலி 1964இலேயே துருக்கிய மொழி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அத்தகைய வாய்ப்புக் கிட்டாத ஒரு மொழியின் கதையைத் திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிலே காணலாம்.

1624இல் போர்த்துக்கேயர் இத்துறைமுகத்தில் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மாறினும் இலங்கைக் கரையோரங்களில் உருவாகிய கலப்புப் போர்த்துக்கேயம் மறையவில்லை. ஒல்லாந்த அரசு அதனைத் தடுக்க முயன்றபோதும் ஒல்லாந்தர் இல்லங்களிலேயே அது வழங்கிற்று. திருக்கோணமலையின் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் குடும்பங்கள் இம்மொழியின் எஞ்சிய காவலராவர்.

இம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம்; வாக்கிய அமைப்போ தமிழை ஒத்தது. வினைச்சொல் இறுதியில் நிற்கும். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன் வரும் 'பாரா' என்னும் இடைச்சொல், இங்கே குறுகிப் பெயருக்குப் பின் நின்று நான்காம் வேற்றுமை உருபின் பணியை ஆற்றுகின்றது. மட்டக்களப்புப் பேச்சை எழுபதுகளில் ஆராய்ந்த இயன் சிமித் இவ்வொற்றுமையை விரிவாக எடுத்துக்காட்டினார். மறுபுறத்தே பாண், சப்பாத்து, அலுமாரி முதலிய போர்த்துக்கேயச் சொற்கள் ஈழத்தமிழில் வேரூன்றின. அயலவராக வாழ்ந்தோர் மொழியாலும் அயலவராக வாழவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அச்சு ஊடகம் இம்மொழிக்கு முற்றாக மறுக்கப்பட்டது என்றும் கூறுதற்கில்லை. 1811இல் கொழும்பில் பெரெஞ்சர் இதன் இலக்கண நூலொன்றை வெளியிட்டார். உவெசுலியன் மிசனைச் சேர்ந்த இராபர்ட் நியூஸ்டெட் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1826இல் அச்சேறியது. ஆயின் அம்மொழிபெயர்ப்பு மிசனரிமாரின் தேவைக்காகத் தோன்றியது. பிள்ளைகள் தொடர்ந்து கற்கும் பாடசாலை மொழியாக இது வளரவில்லை. கீழைக்கரைப் பறங்கியர் பிள்ளைகள் தமிழ் மொழிமூலம் கற்றனர். வழிபாட்டிலும் தொழிலிலும் தமிழே அவர்களுக்குத் துணையாயிற்று.

வானொலி வந்தபோது நிகழ்ந்தது இன்னும் நோக்கத்தக்கது. இலங்கை வானொலியின் உள்நாட்டுச் சேவைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் அமைந்தன. பறங்கியர் திருமண வீடுகளில் வயலினும் மத்தளமும் இசைய ஆடிய கப்பிரிஞ்ஞாவின் மெட்டுக்கள், சிங்களச் சொற்களை ஏற்றுப் பைலாவாகி நாடெங்கும் ஒலித்தன. மெட்டு ஊடகத்தில் ஏறிற்று; மொழி வீட்டிலேயே நின்றுவிட்டது. எனவே பறங்கியர் இளைஞர் தம் அடையாளத்தை ஆடலிலும் பாடலிலும் பேணினரேயன்றி, அன்றாடப் பேச்சிற்குத் தமிழையே மேற்கொள்ளலாயினர்.

2015 தொடக்கம் இலிசுபன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்டோசோ குழுவினர் இம்மொழியின் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப் பதிவுகளாக்கியுள்ளனர். போற்றத்தக்க பணியே இது. எனினும் ஆவணம் மொழியின் நினைவைக் காக்குமேயன்றி வாழ்வைக் காக்காது. பிள்ளைகள் படிக்கவும் கேட்கவும் விளையாடவும் ஒரு மொழியில் ஏதேனும் இருந்தாலன்றி அது மூத்தோர் நாவிலேயே தேய்ந்துவிடும். கடல் கடந்து வாழும் தமிழர்தம் பிள்ளைகளைப் பற்றிச் சிந்திப்போர் பாலையூற்றின் வரலாற்றை மனங்கொள்ளுதல் வேண்டும்.