கணக்கியல் அறிவும் நிதித்துறைத் தொழில்முறைத் தகுதிகளும்: மலாக்கா மாநிலம், மலேசியா

நிதித்துறையில் தொழில்முறைத் தகுதி பெற முன்கூட்டியே கணக்கியல் படித்திருக்க வேண்டுமா என்பது, மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வை முடித்து அடுத்த படியைத் தேடும் தமிழ் மாணவர்கள் எதிர்கொள்ளும் கேள்வி. சேருவதற்குக் கணக்கியல் வேண்டியதில்லை, முடிப்பதற்கு வேண்டும். சி.எப்.ஏ., எப்.ஆர்.எம்., சி.எப்.பி., ஏ.சி.சி.ஏ. ஆகிய எதுவும் பள்ளியில் கணக்கியல் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பையும் இலாப நட்டக் கணக்கையும் பணப்புழக்க அறிக்கையையும் படிக்கத் தெரியாமல் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாண்ட முடியாது. எந்தத் தகுதிக்கு எவ்வளவு கணக்கியல், அது எழுதும் திறனா படிக்கும் திறனா என்பதுதான் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

வரலாற்றுப் பின்னணி

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றும் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் அத்துறைமுகத்தில் செல்வாக்குடன் இருந்தனர். அவர்கள் வழிவந்த மலாக்கா செட்டிகள் காஜா பெராங் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். துக்காங் எமாஸ் சாலையில் உள்ள அவர்களின் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுப்பப்பட்டது. மலாக்கா செட்டிகளிடமிருந்து வேறானவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் வட்டிக்கடை வைத்துத் தோட்டக்காரர்களுக்கும் சிறு நிலக்காரர்களுக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்.

நகரத்தாரின் தொழிலிடமான கிட்டங்கியில் தொழில் பழகிய பையனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். அன்றாட வரவு செலவைக் குறிப்பில் பதிவது, அதைப் பேரேட்டில் ஆளுக்கு ஆள் ஏற்றுவது, வட்டி கணக்கிடுவது, கடைசியில் ஐந்தொகை எடுப்பது என்று படிப்படியாகப் பழகி, பின்னர் அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்வான். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம், கணக்குப் படிக்கத் தெரிந்த பிறகே அவன் கைக்கு வந்தது. இன்றைய நிதித் தேர்வுகள் எதிர்பார்ப்பதும் இதே வரிசையைத்தான்.

தோட்டத்தில் கணக்கு வேறு வடிவில் இருந்தது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதே மலாயாவின் முதல் வணிகமுறை ரப்பர் தோட்டம் எனப்படுகிறது. ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் தோட்டங்கள் பெருக, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் பெருகின. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் தோட்டக் கணக்கரான கிராணி செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி; அதில் வேலைக்கு வந்த நாள், மேலதிகப் பாலுக்கான கூலி, முன்பணப் பிடித்தம், கடைசிக் கட்டத்தில் கைக்கு வரும் தொகை. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபின் அதற்கும் ஒரு கட்டம் சேர்ந்தது. கிராணி எழுதினார், தொழிலாளி கைநாட்டோ கையெழுத்தோ வைத்தார். எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் வாய்ப்பு தொழிலாளர் குடும்பங்களுக்கு மிக மெதுவாகத்தான் வந்தது.

1950களின் பிற்பகுதியில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடல் பரவியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சிறு தவணைகளாகப் பங்குப்பணம் கட்டிய தொழிலாளர்கள் தோட்ட உடைமையில் பங்காளிகளானார்கள். 1982இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்சிலும் தோட்டத் தொழிலாளர்கள் உட்படப் பல்லாயிரம் இந்தியர்கள் சேமிப்பைப் போட்டனர். அதில் எதிர்பார்த்த பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டறிக்கையைப் படிக்கும் திறன் ஒரு சமூகத்துக்கு ஏன் தேவை என்பதற்கு இந்த இரண்டு அனுபவங்களும் போதும்.

கணக்கு எழுதுவதும் கணக்குப் படிப்பதும்

கணக்கியலில் இரு திறன்கள் உள்ளன. முதலாவது, பற்று வரவுப் பதிவு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு என்று கணக்கை உருவாக்கும் திறன். இரண்டாவது, உருவான கணக்கைப் படித்து, இலாபம் எங்கிருந்து வந்தது, பணம் எங்கே போனது, கடன் தாங்குமா என்று கேட்கும் திறன். கணக்காளர் தகுதிகள் இரண்டையும் கேட்கும். முதலீடு, இடர் மேலாண்மை, வங்கிக் கடன் சார்ந்த தகுதிகள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்கும்.

பற்று வரவின் தர்க்கம் தெரியாதவருக்கு இரண்டாவது திறன் உறுதியாக அமையாது. விற்பனை நடந்தும் பணம் வராவிட்டால் அது இலாபத்தில் தெரியும், ரொக்கத்தில் தெரியாது. இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர் தேர்வில் கேள்வி சற்றுத் திரும்பினாலும் தடுமாறுவார். நான்கைந்து பதிவுகளைத் தம் கையால் எழுதிப் பார்த்தவர் தடுமாற மாட்டார்.

தகுதிகள் வாரியாக

சி.எப்.ஏ.: முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான இத்தேர்வு 1963 முதல் நடக்கிறது. இளங்கலைப் பட்டமோ, அதன் இறுதிக் கட்டமோ, வேலையும் உயர்கல்வியுமாகச் சேர்ந்து 4,000 மணி நேரமோ இருந்தால் சேரலாம். பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். முதல் நிலையில் 10 பாடங்களில் 180 கேள்விகள். அதில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு 11 முதல் 14 விழுக்காடு, இரண்டாம் நிலையில் 10 முதல் 15 விழுக்காடு. மூன்றாம் நிலையில் அது தனிப் பாடமாக இல்லை. ஆனால் பங்கு மதிப்பீடு, கடன் பத்திரம், நிறுவன நிதி ஆகிய பாடங்களும் அதே அறிக்கைகளின் மேல்தான் நிற்கின்றன. கணக்கியல் பாடத்திட்டத்திலேயே கற்பிக்கப்பட்டாலும், வேகம் மிக அதிகம்.

எப்.ஆர்.எம்.: இடர் மேலாண்மைக்கான தகுதி. சேர எந்தக் கல்வித் தகுதியும் கேட்பதில்லை. முதல் பகுதியில் 100 கேள்விகள், இரண்டாம் பகுதியில் 80. கணக்கியல் தனித் தாளாக இல்லை. புள்ளியியலும் நிகழ்தகவும் முதன்மையானவை. கடன் இடர் பகுதியில் மட்டும் நிறுவனக் கணக்கின் அடிப்படை தேவைப்படும். கணிதத்தில் கெட்டிக்காரரான அறிவியல் பிரிவு மாணவருக்குக் கணக்கியல் தடையே இல்லாத தகுதி இதுதான்.

சி.எப்.பி.: தனிமனித நிதித் திட்டமிடலுக்கான தகுதி. மலேசியாவில் 1999இல் அமைந்த மலேசிய நிதித் திட்டமிடல் சங்கம் இதை நடத்துகிறது. வரி, காப்புறுதி, முதலீடு, ஓய்வுக்காலம், சொத்துரிமை ஆகியவை பாடங்கள். தேவைப்படும் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்து, கடன், மாத வரவு செலவு அளவிலானது.

காப்பீட்டுக் கணிப்பியல்: கணிதத் துறை என்று பெயர் பெற்ற இதிலும் கணக்கியல் உண்டு. அமெரிக்காவின் ஆக்சுவரிகள் கழகம் கல்லூரிப் படிப்பின் வழி நிறைவு செய்யச் சொல்லும் பாடங்களில் கணக்கியலும் நிதியும் ஒன்று.

ஏ.சி.சி.ஏ.: 1904இல் தொடங்கிய இங்கிலாந்துக் கணக்காளர் அமைப்பின் தகுதி. இப்போதைய அமைப்பில் 13 தாள்களும் 36 மாதப் பணி அனுபவமும் உண்டு. முழுக்கக் கணக்கியல் சார்ந்த இத்தகுதியும் கணக்கியல் முன்னறிவைக் கேட்பதில்லை. பல்கலைக்கழகப் புகுமுகத் தகுதி இல்லாதவர்கள் அதன் அடிநிலைத் தேர்வுகள் வழியே பற்று வரவிலிருந்தே தொடங்கலாம்.

சட்ட நிலை

மலேசியாவில் கணக்காளர் என்ற பெயரில் தொழில் நடத்த, 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டத்தின்கீழ் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிய வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ தொழில்முறை அமைப்பின் உறுப்பியமோ, கூடவே பணி அனுபவமும் தேவை. ஏ.சி.சி.ஏ. இப்பட்டியலில் உள்ளது, சி.எப்.ஏ., எப்.ஆர்.எம். இல்லை. சி.எப்.ஏ. முடித்தவர் முதலீட்டுப் பகுப்பாய்வில் எவ்வளவு தேர்ந்தவராயினும் அந்தத் தகுதியால் மட்டும் கணக்காளராக முடியாது. அதுபோலவே முதலீட்டு நிதி நிர்வாகம், முதலீட்டு ஆலோசனை ஆகியவற்றைத் தொழிலாகச் செய்ய 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டத்தின்கீழ் பங்குச் சந்தை ஆணையத்தின் உரிமம் தேவை; கணக்காளர் என்பதற்காக அந்த உரிமம் தானாக வந்துவிடாது. எந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது பணத்தையும் ஆண்டுகளையும் காக்கும்.

எடுத்துக்காட்டு: ஒரு செம்பனைத் தோட்டத்தின் கணக்கு

கணக்குப் படிக்கும் திறன் எப்படிப்பட்டது என்பதை மலாக்கா மாணவருக்குப் பழக்கமான செம்பனையை வைத்தே காட்டலாம். கற்பனையாக 100 ஹெக்டர் நிலம். கன்று நட்டு, பராமரித்து, காய்ப்புக்குக் கொண்டுவர மூன்று ஆண்டுகளில் 22 இலட்சம் ரிங்கிட் செலவாகிறது. பிறகு 22 ஆண்டுகள் குலை வெட்டலாம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 22 இலட்சமும் செலவான ஆண்டுகளில் இலாபத்தைக் குறைக்காது. மரங்கள் சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் ஏறும்; பணம் வெளியே போனது பணப்புழக்க அறிக்கையில் முதலீட்டுப் பகுதியில் மட்டுமே தெரியும். மரம் காய்ப்புக்கு வந்தபின் ஆண்டுக்கு 1 இலட்சம் ரிங்கிட் தேய்மானம் இலாபத்திலிருந்து கழிக்கப்படும். ஆனால் அப்போது பணம் எதுவும் வெளியே போகாது. பத்தாம் ஆண்டில் 4 இலட்சம் இலாபம் காட்டும் தோட்டம், வரியையும் கடன் வரவு மாற்றங்களையும் ஒதுக்கிப் பார்த்தால், சுமார் 5 இலட்சம் ரொக்கம் ஈட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் கணக்கில் பெரிய நட்டமில்லாமலே கையிருப்பு கரைந்திருக்கும்.

மரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் குலைக்கு விதி வேறு. மலேசிய நிதி அறிக்கைத் தரம் 141இன்படி அது நியாய மதிப்பிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து மதிப்பிடப்படுகிறது. மதிப்பின் ஏற்ற இறக்கம் இலாபத்தில் சேரும். ஆண்டு முடிவில் விலை ஏறினால் ஒரு குலையும் விற்காமலே இலாபம் உயரலாம். மரத்தையும் குலையையும் இப்படிப் பிரித்து, மரத்தைத் தரம் 116இன்கீழ் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. தோட்ட நிறுவனங்களுக்குப் புதிய தரங்களுக்கு மாற 2018 வரை அவகாசம் இருந்தது. அதற்கு முன் பல நிறுவனங்கள் முதல் நடவுச் செலவைத் தேய்மானமின்றி வைத்திருந்து, மறுநடவுச் செலவை அந்தந்த ஆண்டு இலாபத்திலேயே கழித்தன. இது தெரியாமல் ஒரே தோட்ட நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு இலாபத்தையும் 2020ஆம் ஆண்டு இலாபத்தையும் ஒப்பிடுபவர் தவறான முடிவுக்கே வருவார். பங்கு மதிப்பீடு செய்பவருக்கும் கடன் கொடுக்கும் வங்கியாளருக்கும் கணக்கியல் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மலாக்காவில் படிப்பு வழிகள்

படிவம் 4, 5இல் கணக்கியல் கோட்பாடு விருப்பப் பாடமாக உள்ளது. ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். கணக்கியல் உண்டு, மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவு இருக்கிறது. மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் வணிகத் துறையும், மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகத்தில் வணிகப் புலமும் இயங்குகின்றன. அலோர் காஜாவில் உள்ள யு.ஐ.டி.எம். பல்கலைக்கழக வளாகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் தமிழ் மாணவர்கள் மற்ற வழிகளையே நாட வேண்டியுள்ளது.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கும் மாணவர் இடைநிலைப்பள்ளியில் கணக்கியலை மலாயில் படிக்கிறார். தொழில்முறைத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார். அறிவியல் பிரிவில் படித்தவருக்கு இந்த மொழிமாற்றச் சுமை குறையவும் செய்யலாம், ஏனெனில் அவர் கணக்கியலை முதன்முதலாகவே ஆங்கிலத்தில் கற்பார்.

ஏ.சி.சி.ஏ. கட்டணங்கள் பிரிட்டிஷ் பவுண்டிலும், சி.எப்.ஏ., எப்.ஆர்.எம். கட்டணங்கள் அமெரிக்க டாலரிலும் கணக்கிடப்படுவதால், ரிங்கிட் மதிப்பு இறங்கும்போது செலவு ஏறும். ஒரு தாளில் தோற்றால் மறுபடி கட்ட வேண்டும். உயர்கல்விச் செலவுக்கு ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பெற்றோர் பணம் எடுக்க வழியுண்டு; அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும், 1984இல் அமைந்த கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யின் கல்விக் கடனும் உள்ளன. தேர்ந்தெடுத்த படிப்பு அவற்றின் நிபந்தனைக்குள் வருகிறதா என்று பதிவுக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

கணக்கியல் படிக்காதவர் தயாராகும் முறை

சி.எப்.ஏ. போன்ற தேர்வுக்குப் பதியும் முன் அடிப்படைக் கணக்கியலுக்கென்று சில மாதங்கள் ஒதுக்குவது நல்லது. முதலில் இரட்டைப் பதிவு: சிறு கடை ஒன்றின் ஒரு மாத நடவடிக்கைகளைப் பதிந்து, இருப்பாய்வு எடுத்து, மூன்று அறிக்கைகளையும் தயாரித்துப் பார்க்க வேண்டும். அடுத்து தேய்மானம், சரக்கிருப்பு, கடன் வரவு, ஒத்திவைத்த வரி ஆகியவை. அதன்பின் புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட தோட்ட நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையை இணையத்தில் இலவசமாக எடுத்து, அறிக்கைகளோடு குறிப்புகளையும் படிக்க வேண்டும். மறுநடவு, தேய்மானக் காலம், குலையின் மதிப்பு ஆகியவை அந்தக் குறிப்புகளில்தான் விளக்கப்பட்டிருக்கும்.

எஸ்.பி.எம்.மில் கணக்கியல் எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நிதித்துறையை விட்டு விலகுவது வீண் இழப்பு. தேர்வு நடத்தும் அமைப்புகளே போடாத தடை அது. அதே சமயம், சேர அனுமதி இருக்கிறது என்பதால் கணக்கியலைத் தள்ளிவைத்துவிட்டு நேரே முதலீட்டுப் பாடங்களுக்குத் தாவுபவர், கட்டணத்தை இரண்டாம் முறை கட்டவேண்டிய நிலைக்குத் தம்மைத் தாமே தள்ளிக்கொள்கிறார். முதல் பதிவுக் கட்டணத்தைக் கட்டும் முன் ஓர் ஆண்டறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.