கோட்டை இல்லாத கோட்டைக்குப்பம்

பழவேற்காடுன்னதும் நம்ம ஆளுங்களுக்குப் பூநாரையும் இறாலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆரணி ஆறு ஏரியில் கலக்கிற இந்த ஊர், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கதையையும் தெரிஞ்சுக்கிட்டுப் போகலாமேன்னுதான் இந்தப் பதிவு.

விஜயநகர அரசின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் இங்கே கிடங்கு போட்டது 1610இல். ஏற்கெனவே இந்தக் கரையில் காலூன்றியிருந்த போர்ச்சுக்கீசியர்கள் சும்மா இருப்பாங்களா? 1612இல் வந்து தாக்கினார்கள். அதற்குப் பிறகு 1613இல் எழும்பியதுதான் கெல்ட்ரியா கோட்டை.

இங்கிருந்து கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாகக் கிழக்கே போனது. மலேசியாவில் கைலிக்கு இன்றும் 'காயின் பெலேகாட்' என்று பெயர். அந்தப் பெலேகாட் வேறெதுவும் இல்லீங்க, நம்ம பழவேற்காடுதான்!

ஆனால் போனது துணி மட்டுமில்லை, மனுஷங்களும்தான். 1640களில் போரும் பஞ்சமும் வந்தபோது, சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்களை அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். இந்தக் கரையிலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகையை ஆங்கிலேயர் பிடித்ததும் திரும்பப் பழவேற்காட்டுக்கே வந்தது. கடைசியில் 1825இல் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

இப்ப போனா என்ன பார்க்கலாம்? டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வரவேற்கும். உள்ளே கல்லில் பெயர், தேதி, குலச்சின்னம் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கோட்டை? புதர் மண்டிய மேடுதான் மிச்சம்.

கோட்டை போனாலும் கோட்டைக்குப்பம் இருக்கிறது. அந்தப் பெயரில்தான் கோட்டையே உயிரோடு இருக்குன்னு சொல்லணும். இங்குள்ள மீனவர்கள் பக்கத்துக் குப்பங்களோடு சேர்ந்து, ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை 'பாடு' முறையில் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்கிறார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் இருக்க முன்னோர் கண்ட வழி. கோட்டையைக் காக்க பீரங்கி இருந்தது. பாட்டைக் காக்க ஊர்க் கட்டுப்பாடுதான்.

போனால் கல்லறைகளைப் பாருங்க, படமும் எடுங்க. அப்படியே, கல்லறைகூட இல்லாமல் கப்பலேறிப் போன நம்ம ஜனங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.