குழிக்குள் இறங்கிய தறி

அந்தியூரை அடுத்த பவானியின் ஜமக்காளம் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை நெய்த குழித்தறியை, சிறிய வீட்டின் இடநெருக்கடிக்குக் கண்ட விடை என்றே சொல்வேன். மிதிபலகைகள் குழிக்குள் இறங்கிவிட, நெசவாளர் குழியின் விளிம்பில் தரைமட்டத்திலேயே உட்கார்கிறார். உயரமான மரச்சட்டம் தேவையில்லை. நீளம் கேட்கும் பாவு வேலையோ வீதிக்குப் போய்விட்டது.

மண்ணின் ஈரம் நூல் அறாமல் காக்கும், குழி அதற்காகத்தான் என்று மறுப்பவர்கள் உண்டு. மெல்லிய நூலுக்கு அது சரி; ஜமக்காளத்தின் தடித்த நூலுக்கு அவ்வளவு செல்லம் வேண்டியதில்லை. குழி இடநெருக்கடிக்காகத்தான் என்றால் விரிப்பின் அகலம் சுருங்கியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். சுருங்கவில்லை. அகலமான விரிப்புக்கு ஒரே தறியில் இருவர் அருகருகே அமர்ந்து நெய்தார்கள். ஆள்தான் கூடியது, அறை கூடவில்லை. விசைத்தறியிடம் இந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அது தனிக்கொட்டகை கேட்டது.