மேசைப் பேனாவும் அதன் பீடமும்

பேரரசர்களின் வரலாற்றையும் பெரும்போர்களின் வரலாற்றையும் நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். அவர்கள் செய்த உடன்படிக்கைகளில் கையொப்பமிட உதவிய கருவியைப் பற்றியோ, அக்கருவி நின்ற பீடத்தைப் பற்றியோ பாடநூல்கள் பேசுவதில்லை. அதனால்தான் இன்று இந்தச் சிறு பொருளை எடுத்துக்கொண்டேன்.

இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் எழுதுவோனுக்கு மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. இறகைச் செருகி வைக்க ஓர் இடம், மைக்கூடு, ஈரமை உலரத் தூவும் நுண்பொடிக்கு ஒரு சிமிழ். இம்மூன்றையும் ஒரே தட்டில் அமைத்ததே பழைய மைத்தட்டு. பிலடெல்பியா நகரத்து வெள்ளிக் கொல்லர் பிலிப் சிங் என்பார் 1752 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா சட்டமன்றத்திற்காக வெள்ளியில் அத்தகைய தட்டு ஒன்று செய்து கொடுத்தார். 1776 இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்திலும், 1787 இல் அந்நாட்டு அரசியல் சட்டத்திலும் கையெழுத்திட்டோர் தம் இறகுகளைத் தோய்த்தது அந்த மைக்கூட்டில்தான். அதனை இன்றும் அந்நகரத்து விடுதலை மண்டபத்தில் காணலாம்.

இறகு போய் எஃகு முள் வந்தது. பின்னர், 1884 இல் லூயிஸ் வாட்டர்மன் தம் ஊற்றுப் பேனாவுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஒப்பந்தத் தாளில் மை கொட்டிப்போனதால் அவர் மனம் கொதித்து அப்பேனாவைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. அது விளம்பரத்திற்கு உதவிய அளவு வரலாற்றுக்கு உதவாது என்பது என் கருத்து. அது நிற்க. மை பேனாவுக்குள்ளேயே புகுந்துவிட்ட பிறகு மைத்தட்டுக்கு வேலை இல்லை என்றே எவரும் எண்ணுவர். ஆனால் நடந்தது வேறு.

ஊற்றுப் பேனாவுக்கு மூடி இன்றியமையாதது. முள்ளின் நுனியில் நிற்கும் மையிலுள்ள நீர் காற்றுப்பட்டால் ஆவியாகிவிடும். சாயம் கெட்டிப்பட்டு வழி அடைபடும். சட்டைப் பையில் வைப்பவருக்கு மூடியால் தொல்லை இல்லை. நாள் முழுதும் மேசையில் அமர்ந்து, இடையிடையே ஒரு கையெழுத்து மட்டும் இடுகின்ற அலுவலருக்கோ, ஒவ்வொரு முறையும் மூடியைத் திருகிக் கழற்றுவது பெருந்தொல்லை. எனவே மூடியையே மேசையில் நிலையாகப் பதித்துவிட்டனர். இதுவே மேசைப் பேனாத் தொகுதியின் உட்கருத்தாகும்.

அயோவா மாநிலத்து போர்ட் மாடிசன் ஊரில் நகைக்கடை நடத்திய வால்டர் ஷேஃபர், நெம்புகோலால் மை நிரப்பும் பேனாவுக்கு 1908 இல் பட்டயம் பெற்றவர். அவருடைய கம்பெனியும், பார்க்கர் முதலிய பிற கம்பெனிகளும் 1920களில் மேசைத் தொகுதிகளைப் பெருவாரியாக விற்றன. கனமான ஒரு பீடம். அதன்மேல் புனல் வடிவான ஒரு குழல். குழலின் அடியில், நம் தோள்மூட்டைப் போலக் கிண்ணத்துள் உருளும் ஒரு குண்டு. குழலை விரும்பிய பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். பேனாவின் பின்புறம் நீண்டு கூராகச் செல்லும். அந்த வாலுக்கு மை நிரப்பும் வேலை ஏதும் இல்லை; கைக்கு நிறை தந்து, பார்ப்பவர்க்குப் பழைய இறகை நினைவூட்டுவதோடு சரி.

பீடங்கள் சலவைக்கல்லிலும், கண்ணாடியிலும், வார்ப்பு உலோகத்திலும் அமைந்தன. கடிகாரம் பொருத்தியவையும், வெண்கலப் பதுமை நிறுத்தியவையும் உண்டு. பச்சைக் கோடுகள் ஓடும் 'ஓனிக்ஸ்' பீடமே செல்வர் மேசைக்கு உரியது எனப்பட்டது. அக்கல் பெரும்பாலும் உண்மையான ஓனிக்ஸ் அன்று; சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்த கால்சைட்டே. வாங்கியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவ்வமைப்பில் ஓர் இடர் இருந்தது. பேனா தலைகீழாக நிற்பதால் முள் எப்போதும் மையுடன் ஆயத்தமாயிருக்கும். ஆனால் அறை வெப்பமடைந்தால் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைக் குழலுக்குள் தள்ளிவிடும். குழலின் பொருத்தம் தளர்ந்தாலோ முள் உலர்ந்துபோகும். முதலாளியின் மேசையில் இதைத் துடைக்க ஆள் உண்டு. வங்கி, அஞ்சலகம், விடுதி ஆகியவற்றின் முகப்பு மேசைகளில், ஆயிரம் பேர் கைபடும் பேனாவை யார் பேணுவது?

இதற்கு விடை கண்ட கம்பெனிகளுள் எஸ்டர்புரூக் குறிப்பிடத்தக்கது. 1858 இல் நியூஜெர்ஸி மாநிலத்துக் காம்டன் நகரில் எஃகு முள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் 'டிப்லெஸ்' தொகுதியில் மை பேனாவில் இல்லை, பீடத்தில் இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல நுண்புழைக் கவர்ச்சியால் மை ஏறி முள்ளைத் தொடும். முள்ளின் அடியிலுள்ள மெல்லிய பிளவுகள் அதனைப் பற்றிக்கொள்ளும். பேனாவை எடுத்தவுடன் எழுதலாம். முள் தேய்ந்தால் கையாலேயே திருகி வேறொன்று மாற்றலாம். பேனாவைத் திருடிச் சென்றாலும் மை பீடத்திலேயே தங்கிவிடும்! ஓனிக்ஸ் பீடங்களைக் காட்டிலும் அழகிற் குறைந்த இந்தக் கறுப்பு மைக்கூட்டையே நான் மேலாகக் கருதுகிறேன். பணமில்லாதவனும் முகப்பு மேசையில் நின்று நல்ல பேனாவால் தன் பெயரை எழுத அது இடமளித்தது.

1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க் நகரத்து கிம்பெல்ஸ் கடையில் ரெனால்ட்ஸ் பந்துமுனைப் பேனா பன்னிரண்டரை டாலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. விலை விரைவில் வீழ்ந்தது. முகப்பு மேசைகளிலிருந்து மைக்கூடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எனினும் வெள்ளை மாளிகையில் எஸ்டர்புரூக் பேனாக்கள் நீடித்தன.

1964 ஜூலை 2 ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் குடியுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். நிறங்காரணமாக விடுதிகளிலும் உணவகங்களிலும் எவரையும் விலக்கலாகாது என்பது அச்சட்டத்தின் ஒரு பகுதி. அதுவரை தென்மாநிலங்களில் எத்தனையோ விடுதிகளின் பதிவேட்டில் கறுப்பின மக்கள் பெயரெழுத முடியாதிருந்தது. ஜான்சன் எழுபதுக்கும் மேற்பட்ட பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறு சிறு கோடாகத் தம் பெயரை எழுதி முடித்து, அவற்றைச் சூழ நின்றோர்க்குக் கொடுத்தார். ஒன்றைப் பெற்றுக்கொண்டவர் மார்ட்டின் லூதர் கிங். மூன்று ஆண்டுகள் கழித்து, 1967 இல், எஸ்டர்புரூக் நிறுவனம் வீனஸ் பென்சில் கம்பெனியின் கைக்கு மாறிற்று.